குமாரியின் கணக்கில் என் தொலைபேசி எண்

உன் முதல் சம்பளம் எந்த வங்கியில் வந்து விழ வேண்டும்? போன ஞாயிற்றுக்கிழமை புணேயிலிருந்து நீ கேட்ட இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "ஆபீஸ்ல மூணு பேங்க் பேரு குடுத்திருக்காங்கம்மா. நீ எதுல வெச்சிருக்கியோ அதுலயே ஓபன் பண்ணிடறேன். நீதான் எல்லாத்தையும் நோண்டி நோண்டிப் பார்ப்பியே" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். இன்று வெள்ளிக்கிழமை, ஐந்து நாள் ஆகிவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் பொருளியல் நடத்துகிறேன். பணமும் வங்கியும் என்ற பாடத்தாள் வேறு யார் கைக்கும் போகாமல் என்னிடமே இருக்கிறது. அப்படிப்பட்டவள் மகனுக்கு ஒரு வங்கியின் பெயரைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. போனில் சொன்னால் நடுவிலேயே "பரவாயில்லம்மா, விடு" என்பாய். அதைக் கேட்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை உனக்கு நினைவுபடுத்துகிறேன். உனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளிச் சீருடை வாங்க தி. நகர் போனோம். போகிற வழியில் வங்கியில் இரண்டு நிமிட வேலை என்று உன்னையும் உள்ளே அழைத்துப் போனேன். நான் கேட்காத காசோலைப் புத்தகத்துக்கு நூறு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே பிடித்திருந்தார்கள். அந்த இரண்டு நிமிடம் ஒன்றேகால் மணி நேரமானது. மேலாளர் தண்ணீர் வரவழைத்தார், விதிப்புத்தகத்தைப் பிரித்தார், கடைசியில் பணத்தைத் திரும்ப வரவு வைத்தார். வெளியே வந்ததும் நீ, "அம்மா, எல்லாரும் நம்மளையே பார்த்தாங்க" என்று சொல்லிவிட்டு என் கையை விட்டுவிட்டு நான்கடி முன்னால் நடந்தாய். அன்று எனக்கு ஒரே பெருமை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் வரிக்கு வரி சொல்லிக் காட்டினேன். பிறர் பணத்தில் இப்படி ஒரு நாளாவது சண்டை போட்டிருக்கிறேனா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும், போட்டிருக்கிறேன் என்று எதையாவது தேடிச் சொல்லியிருப்பேன்.

ஒன்பது வருடமாக நம் வீட்டில் வேலை செய்யும் குமாரியை உனக்குத் தெரியும். உன் டிபன் டப்பாவைக் கழுவும்போது மீதி வைத்ததைக் கண்டுபிடித்து என்னிடம் போட்டுக் கொடுப்பவள். கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் இருந்தவரை மந்தைவெளியில் நம் வீட்டுக்குக் கால்மணி நேரத்தில் வந்துவிடுவாள். அரசு அங்கிருந்த வீடுகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி பிளாக் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கொடுத்த பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிறாள். அவளுக்கு ஏற்கெனவே ஒரு வங்கிக் கணக்கு இருந்தது. கோட்டூர்புரம் பக்கத்தில் ஒரு அரசு வங்கி. இருப்பே இல்லாவிட்டாலும் கட்டணம் பிடிக்காத எளிய கணக்கு. கையில் பாஸ் புத்தகம், அதில் வரிசையாக அச்சடித்த எண்கள். குறை ஒன்றே ஒன்றுதான், கூட்டம். பணம் எடுக்கப் போனால் மதியம் ஆகிவிடும். அந்த நாட்களில் நம் வீட்டுப் பாத்திரம் அப்படியே கிடக்கும், நான் கல்லூரிக்குப் போகும் அவசரத்தில் தேய்த்து வைக்க வேண்டியிருக்கும். மாதத்தில் ஒரு அரை நாள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்கு அப்போது நான் வைத்துக்கொண்ட பெயர் 'குமாரியின் வசதி'.

போன வருடம் மார்ச் மாதம், மயிலாப்பூரில் நான் கணக்கு வைத்திருக்கும் தனியார் வங்கிக்கு ஏதோ வேலையாகப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண் அதிகாரி, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். "மேடம், மார்ச்சுக்குள்ள இன்னும் நாலு அக்கவுண்ட் வேணும். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்களேன்" என்றாள். வீட்டில் வேலை செய்கிறவள் இருக்கிறாள் என்றேன். "சூப்பர் மேடம். உங்க கார்டுக்கு வருஷ ஃபீஸ் வந்திருக்கே, அதை நான் ரிவர்ஸ் பண்ணிடறேன்" என்றாள். சொன்னபடி செய்தும் விட்டாள். மறுநாள் குமாரியைக் கூட்டிக்கொண்டு போனேன். குளிர்சாதன அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். படிவத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். இருப்பு தேவையில்லாத கணக்கு இங்கேயும் இருக்கிறதே என்று ஒரு வார்த்தை கேட்டேன். "அதுல எனக்கு டார்கெட் கணக்காகாது மேடம். இவங்களுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் வருதே, ஒண்ணும் பிரச்சினை வராது" என்றாள். வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டு விளக்குகிற விஷயம் அது. நான் தலையாட்டினேன்.

தொலைபேசி எண் கேட்கும் கட்டம் வந்தது. குமாரி வைத்திருந்த போனின் எண் அவள் கணவன் சேகர் பெயரில் வாங்கியது. சேகர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முன்பு குடிப்பார், அப்போது விட்டு ஒரு வருடமாகியிருந்தது. அவள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். குமாரி நினைக்கவில்லை, நான்தான் நினைத்தேன். "என் நம்பரையே போட்டுடறேன், மெசேஜ் வந்தா நான் உனக்குச் சொல்லிடறேன்" என்றேன். "சரிக்கா, நீங்க பாத்துக்கினா எனுக்கு இன்னா கவல" என்றாள். பாஸ் புத்தகம் கிடைக்குமா என்றும் கேட்டாள். மெசேஜே வந்துவிடும், அது எதற்கு என்று அதையும் நானே வேண்டாம் என்று சொன்னேன்.

அதே வருடம் மே மாத விடுமுறைக்கு நீ வந்திருந்தபோது காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே என் போனைத் திட்டிக்கொண்டிருந்தேன். வங்கியிலிருந்து நாள் முழுக்கக் கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது என்று. "குடும்மா" என்று வாங்கி இரண்டு விநாடி எதையோ தட்டினாய். "இனிமே தொல்லை இல்ல. வர்றதெல்லாம் தனியா ஒரு இடத்துல போய் உக்காந்துக்கும்." அன்றிலிருந்து நிம்மதியாக இருந்தேன். என் கணக்கைத்தான் செயலியில் பார்த்துக்கொள்கிறேனே. இதில் உன் தவறு ஒன்றுமில்லை. நான் கேட்டதை நீ செய்தாய். அந்த எண்ணுக்கு இன்னொருத்தியின் மெசேஜும் வருகிறது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அதை மறந்தே போனேன்.

குமாரிக்கு நம் வீட்டுச் சம்பளம் ஆறாயிரம். அதில் ஐயாயிரத்தை எடுத்துக்கொண்டு ஆயிரத்தை அப்படியே விட்டு வந்தாள். மகள் திவ்யா பிளஸ் டூ முடித்ததும் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ப்பதற்கு. பதினாலு மாதம். இந்த வருடம் ஜூன் முதல் வாரம், முதல் தவணையாகப் பன்னிரண்டாயிரம் கட்ட நான்கு நாள் இருக்கும்போது அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யக்கா, மிஷின்ல மூவாயிரத்து சொச்சந்தான் கீதுன்னு காட்டுது. மாசம் ஆயிரம் வுட்டுகினு வந்தேனே. இன்னாக்கா ஆச்சு?"

ஒரு நிமிடம்கூட நான் யோசிக்கவில்லை. "கார்டை யார்கிட்டயாவது குடுத்தியா?" என்றேன்.

"ரெண்டு தபா அவராண்ட குடுத்தேன். பஸ்ஸு கெடைக்காம லேட்டாயிடுச்சு, கடைக்காரனுக்குத் துட்டு குடுக்கணும்னு…"

"பின் நம்பரும் சொன்னியா?"

"சொன்னாதானக்கா எடுக்க முடியும்?"

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே?"

நான் சொன்னது அவ்வளவுதான். சேகர் திருடினார் என்று நான் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். குமாரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். மறுநாள் வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது. "பொண்ணு தலையில கைய வெச்சி சத்தியம் பண்றாருக்கா. குடிக்கிறப்ப பண்ணாத சத்தியமா? நான் வுடல. பிளாக்கே வாசல்ல நின்னுகினு வேடிக்க பாத்துச்சு. போயிட்டாரு" என்றாள். அசோக் நகரில் வேலை நடக்கும் ஒரு கட்டடத்தில் தங்கிவிட்டார். திவ்யா அப்பாவோடு பேச்சை விட்டாள். பேங்கே வேண்டாம் என்று குமாரி அதற்கப்புறம் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறாள். திவ்யாவின் பன்னிரண்டாயிரத்தை நான் கொடுத்தேன். நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே, கடனாகத்தான் கொடுத்தேன். ஜூலையில் ஆயிரம், ஆகஸ்டில் ஆயிரம் என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்டேன். நீங்க இல்லன்னா என் பொண்ணு படிப்பு இன்னா ஆயிருக்கும் என்று அவள் என் கையைப் பிடித்தாள். நான் கையைக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கேள்விக்காகத்தான் அந்தத் தனி இடத்தைத் தேடித் திறந்தேன். என் வங்கி என்ன கட்டணம் பிடிக்கிறது என்று பார்த்து உனக்குச் சொல்லலாம் என்று. நூற்றுக்கணக்கில் குவிந்து கிடந்தன. சிலவற்றில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் என்னுடையவை அல்ல. குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கு மாதாமாதம் அறுநூறு ரூபாய், அதன்மேல் வரி. கார்டுக்கு வருடக் கட்டணம். பெரும்பாக்கத்தில் அவள் வீட்டருகே இருப்பது வேறு வங்கியின் இயந்திரம், அதில் இலவசமாக விடுகிற தடவைக்கு மேல் எடுத்ததற்கு ஒரு கட்டணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொன்றும் இருந்தது, மெசேஜ் அனுப்புவதற்கான கட்டணம். நான் படிக்காமல் ஒதுக்கிவைத்த செய்திகளுக்கு அவள் காசு கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போனேன். அதே பெண்தான். தி. நகரில் போட்ட சண்டையை இங்கேயும் போடலாம் என்றுதான் போனேன், குரலைக்கூட உயர்த்தினேன்.

"மினிமம் பேலன்ஸ் பத்தாயிரம் மேடம். இல்லைன்னா சிஸ்டமே பிடிச்சிடும், எங்க கையில ஒண்ணும் இல்ல."

"அந்தம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லலையே?"

"சொல்லாம எப்படி மேடம்? மாசாமாசம் மெசேஜ் போயிருக்கு. இதோ." திரையை என் பக்கம் திருப்பினாள். பிறகு அவளே அந்த எண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இது உங்க நம்பர்தானே மேடம்?"

ஆமாம் என்றேன். வேண்டுமானால் கடைசி இரண்டு மாதத்துக்கு மட்டும் திருப்பித் தர மேலே எழுதிப் பார்ப்பதாகச் சொன்னாள். உண்மையில் அவள் அன்பாகத்தான் சொன்னாள். நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அதன்பிறகு செவ்வாய், புதன், வியாழன், இன்று. குமாரி காலை ஏழரைக்கு வருகிறாள், ஒன்பதரைக்குப் போகிறாள். ஒவ்வொரு நாளும் அவள் கை கழுவும்வரை சொல்லலாம் என்று நின்றிருந்தேன். வெங்காயம் விலை பேசினேன். திவ்யாவின் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் தினசரியை மடித்து வைத்துவிட்டு, "பணத்தைக் குடுத்துடு. போனஸ்னு சொல்லு, சம்பள உயர்வுன்னு சொல்லு. எதுக்கு இதையெல்லாம் அவகிட்ட சொல்லிக்கிட்டு? வேலையை விட்டுட்டா இன்னொருத்தி எங்க கிடைப்பா?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லப்போனால் அவர் வாய்திறக்கும் முன்பே நானும் அதைத்தான் நினைத்து வைத்திருந்தேன். ஒரு உறையில் பணத்தைப் போட்டு 'தீபாவளிக்கு' என்று எழுதவும் எழுதினேன். அப்படிக் கொடுத்தால் பணம் சரியாகிவிடும். சேகர் திருடனாகவே இருப்பார். மகள் அப்பாவோடு பேச மாட்டாள். குமாரி என் கையைப் பிடித்து இன்னொரு முறை நன்றி சொல்வாள். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியாது என்று முதலில் நினைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான், முதலில் நினைத்திருக்க வேண்டியது சேகரை என்று உறைத்தது. இதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். இப்போதும் எனக்கு ஒரு பெயர் சொல்லத் தெரியவில்லை. கேட்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். உன்னிடம் பணம் இருக்கும்போது எல்லா வங்கியும் நாற்காலி போடும். கணக்கில் ஒன்றுமில்லாத மாதத்தில் என்ன செய்வீர்கள் என்று கேள். அதற்கு எழுத்தில் பதில் தருகிற இடத்தைப் பார். உன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கட்டும். உன் எண்ணை மட்டுமே கொடு, வருவதைப் படி, படிக்கப் பிடிக்காவிட்டாலும் படி. யாருக்காவது நீ படிவம் பூர்த்தி செய்து கொடுத்தால், அது யாருடைய வசதிக்கு என்று பேனாவை எடுக்கும் முன் ஒருமுறை கேட்டுக்கொள். நான் யாரையும் எளிதில் நம்பாதவள் என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வீர்கள், நானும் அதை ஒரு நல்ல குணம்போல வைத்திருந்தேன். பெயிண்ட் அடிக்கிற ஒரு மனிதரை ஒரு நொடியில் சந்தேகப்பட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட வங்கியைப் பதினாலு மாதம் சந்தேகப்படவில்லை. என் போனையும் சந்தேகப்படவில்லை.

நாளை காலை சொல்லிவிடுவேன் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டால் செய்துதான் ஆக வேண்டும் என்று ஒரு நப்பாசை. சொல்லிவிட்டுத்தான் இதை உனக்கு அனுப்புவேன்.

சனிக்கிழமை மாலை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழரைக்கு வந்தாள். குழாயைத் திறந்து பாத்திரத்தில் கை வைக்கும்போது சொன்னேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், என் கார்டுக்குத் தள்ளுபடி வாங்கிக்கொண்டதையும். தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது.

"அப்ப அவரு எடுக்கல."

"எடுக்கல, குமாரி."

"உனுக்கு எப்பலேந்து தெரியும்?"

ஒன்பது வருடத்தில் அவள் என்னை 'நீ' என்றது இன்றுதான். "ஞாயித்துக்கிழமையிலேர்ந்து" என்றேன்.

"ஆறு நாளா சொல்லாத வெச்சிகினு என்னாண்ட வெங்காயம் வெல கேட்டுகினு இருந்த."

உறையை நீட்டினேன். கணக்கில் போனது எல்லாமும், நான் பிடித்த இரண்டாயிரமும் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "அத்த அப்பறம் பாக்கலாம். அவருக்கு போன் போடு" என்றாள். அவள் எண்ணைச் சொல்ல நான் அழுத்தினேன். சேகர் எடுத்தார். நான் சொல்லி முடிக்கும்வரை எதிர்முனையில் சுவரைத் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், "இத்த போன்ல சொல்லி இன்னாம்மா பண்றது? என்னைத் திருடன்னு சொன்னது போன்லயா? பிளாக்குல, அத்தினி பேர் முன்னால. அங்க வந்து சொல்லுங்க" என்றார்.

குமாரி குழாயை மூடினாள், கையை முந்தானையில் துடைத்தாள். "வா" என்றாள்.

இரண்டு பஸ். இரண்டிலும் அவள் தனியாக வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். மூன்றாம் மாடி நடைபாதையில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. சேகர் எங்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் கழித்து வந்தார், முழங்கைவரை வெள்ளைப் பெயிண்ட். அதுவரை நான் கதவுக்கு வெளியே நின்றேன். திவ்யா வாசலில் நின்று அப்பாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். குமாரி பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டி, "வாங்க, அன்னிக்கி வந்தீங்க இல்ல, இன்னிக்கும் வாங்க" என்று கூப்பிட்டாள். ஏழெட்டுப் பேர் வந்தார்கள்.

சொன்னேன். வகுப்பில் கடைசி பெஞ்சுவரை கேட்கிற என் குரல் அங்கே எழும்பவில்லை. நடுவில் ஒரு பெண், "அப்ப சேகரு எடுக்கலியா?" என்றாள்.

"எடுக்கல. பேங்க்ல பிடிச்சிருக்காங்க. அந்த மெசேஜ் என் போனுக்கு வந்தது, நான் பார்க்கல."

"சத்தமா சொல்லும்மா, கடைசி வூட்டுக்காரம்மாவுக்கு காது மந்தம். அன்னிக்கி அதுதான் ரொம்ப பேசிச்சு" என்றாள் அதே பெண்.

சிலர் சிரித்தார்கள். நான் சத்தமாக மறுபடி சொன்னேன். சேகர் என் பக்கம் திரும்பவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"சாப்ட்டியா?" என்றார்.

திவ்யா அவர் பக்கம் திரும்பினாள். "இன்னும் இல்லப்பா" என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார், அவள் பின்னாலேயே போனாள். வந்தவர்களும் கலைந்தார்கள். குமாரி அப்போதுதான் உறையைக் கேட்டாள். வாசலிலேயே நின்று இரண்டு முறை எண்ணினாள். "சரியா கீது" என்றாள். "திங்கக்கெழம வருவனா இன்னான்னு தெரியல. சொல்லி அனுப்புறேன்." பிறகு கதவைச் சாத்தினாள். உள்ளே சேகர் ஏதோ கேட்பதும், திவ்யா பதில் சொல்வதும் கேட்டன. நான் படியிறங்கினேன்.